ஏற்றத்துக்கு யார் கொடுத்தது? கண்டி மலையும் கொஞ்சம் பௌதிகவியலும்

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் ஒரு கேள்வி வரும். எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒருவர் 20 கிலோகிராம் சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் 100 மீற்றர் நடக்கிறார். ஈர்ப்புக்கு எதிராக அந்தச் சுமையின் மீது அவர் செய்த வேலை எவ்வளவு? பெருக்கத் தொடங்கினால் தவறு. சரியான விடை, பூச்சியம். சுமை மேலே போகவில்லை, கீழே வரவில்லை. ஆகவே வேலை நடக்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இந்த விடையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாயியிடம் சொல்லியிருக்கிறாள். நாற்பது வருசம் கொழுந்து எடுத்த அம்மாயி. கேட்டுவிட்டு, "அப்ப நாப்பது வருசமா நான் சும்மாவா இருந்தேன்? அந்தப் புஸ்தகம் எழுதினவன ஒரு நாளைக்கு மலைக்கு அனுப்பு" என்றாராம்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்போடு விட முடியவில்லை. புத்தகமும் பொய் சொல்லவில்லை, அம்மாயியும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் எங்கேயோ ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது. அதைத் தேடித்தான் சில சனிக்கிழமைகளில் ரம்புக்கணை, கடுகண்ணாவை, பேராதனை, ஹந்தானை என்று அலைந்தோம். இது அந்த அலைச்சலின் கதை. கண்டியின் இருநூறு வருச வரலாற்றை ஒரே ஒரு பௌதிகவியல் விதியைக் கையில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் விசயம். அந்த விதி இதுதான்: ஒரு பொருளை உயரத்துக்குக் கொண்டுபோனால் அந்த உயரத்துக்கான சக்தியை யாராவது கொடுத்தே ஆகவேண்டும். வழியை மாற்றலாம், கருவியை மாற்றலாம், கணக்கை இல்லாமல் ஆக்க முடியாது.

மலையே கோட்டை

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து ரம்புக்கணை வரை நிலம் பெரிதாக ஏறுவதில்லை. அதற்குப் பிறகு மலை சுவர்போல எழும்புகிறது. ரம்புக்கணைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் மட்டும் உயர வித்தியாசம் சுமார் 430 மீற்றர்.

60 கிலோ உள்ள ஒருவர் அந்த 430 மீற்றரை ஏற எவ்வளவு சக்தி வேண்டும்? திணிவு, ஈர்ப்பு ஆர்முடுகல், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். ஈர்ப்பு ஆர்முடுகலுக்குப் பத்து என்று போட்டால் 60 × 10 × 430, அதாவது 258,000 யூல். கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் அது மூன்று நாலு தேக்கரண்டிச் சீனியில் இருக்கிற சக்திதான். ஒரு பிளேன்டீயில் வந்துவிடும். எங்கள் உடம்பு அவ்வளவு திறமையான எஞ்சின் இல்லை என்பதால் அதைப்போல நாலு மடங்கு சாப்பிட வேண்டியிருக்கும். மீதி எல்லாம் வியர்வையாகவும் சூடாகவும் போய்விடும்.

ஒரு ஆளுக்கு இது பெரிய விசயம் இல்லை. ஒரு படைக்கு? ஆயிரம் பேரும் ஏற வேண்டும். அவர்களுடைய அரிசி ஏற வேண்டும், வெடிமருந்து ஏற வேண்டும், பீரங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு இரும்புக் குண்டையும் யாரோ ஒருவர் 430 மீற்றர் தூக்க வேண்டும். கண்டி அரசர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் நல்ல பாதை போடாமல், காட்டை வெட்டாமல், ஒற்றையடித் தடங்களாகவே வைத்திருந்தார்கள். போர்த்துக்கேயர் 1594இல் ஏறிவந்து தோற்றார்கள். 1638இல் கண்ணொறுவையில் அவர்களுடைய ஒரு படையே அழிந்தது. 1765இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தும் தங்க முடியாமல் இறங்கினார்கள். 1803இல் ஆங்கிலேயருக்கும் அதுதான் நடந்தது. நகரம் கையில் வந்தது, ஆனால் காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து படையைக் கரைத்தது. சண்டையில் மட்டும் தோற்கவில்லை. மேலே சாப்பாடு கொண்டுபோகும் கணக்கிலும் தோற்றார்கள்.

1815இல் கண்டி விழுந்தது மலையை யாரும் வென்றதால் இல்லை. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் நடுவில் இருந்த பகையால்.

வழியை நீட்டினால் விசை குறையும்

பிடித்ததை வைத்திருக்க வேண்டுமே. 1817–18 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயருக்கு ஒன்று விளங்கியது. பாதை இல்லாமல் கண்டியை ஆள முடியாது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. பொறியியலாளர் கப்டன் டோசன். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வீதியைக் கொண்டுபோனார்கள். அந்தத் துளை இன்றைக்கும் இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் பார்க்கலாம். மலையைத் துளைக்கிறவன் கைக்குத்தான் கண்டி போகும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாக ஊரில் கதை சொல்வார்கள்.

பௌதிகவியல்படி வீதி என்பது ஒரு சாய்தளம். ஒரு தொன் பாரத்தை நேரே ஒரு மீற்றர் தூக்க 10,000 நியூற்றன் விசை வேண்டும். அதையே 45 மீற்றர் நீளமான சரிவில் இழுத்து அதே ஒரு மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோனால், சரிவுக்காகக் கொடுக்கவேண்டிய விசை வெறும் 222 நியூற்றன். பெரிய லாபம் மாதிரித் தெரியும். ஆனால் 222ஐ 45ஆல் பெருக்கிப் பாருங்கள், மறுபடி 10,000 யூல்தான் வரும். விசை குறைகிறது, தூரம் கூடுகிறது, மொத்த வேலை அப்படியே நிற்கிறது. வளைந்து வளைந்து ஏறுகிற எல்லா மலைப்பாதைக்கும் இதுதான் காரணம். செங்குத்தாக ஏற முடியாத மாட்டு வண்டி, வழியை நீட்டிக் கொடுத்தால் ஏறிவிடும்.

அந்த நீட்டின வழியை வெட்டியது யார்? இராஜகாரிய முறை அப்போது நடைமுறையில் இருந்தது. நிலத்துக்குப் பதிலாக அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பை ஆங்கிலேயர் அப்படியே எடுத்துத் தங்கள் வீதிக்குப் பயன்படுத்தினார்கள். சிங்களக் கிராமத்து மக்கள் கூலி இல்லாமல் பாறை உடைத்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுக்குப் பிறகு 1830களின் தொடக்கத்தில்தான் அந்த முறை நீங்கியது. கடுகண்ணாவையில் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் இருக்கிறது. பாறை உடைத்தவர்களுக்கு என்ன இருக்கிறது என்று நாங்களும் அந்தச் சந்தியில் நின்று தேடிப் பார்த்தோம். வீதிதான் இருக்கிறது.

கோச்சியும் சாப்பாட்டுப் பெட்டியும்

வீதி வந்ததும் கோப்பி வந்தது. கோப்பி கீழே இறங்கியது, தோட்டத்துக்கு அரிசி மேலே ஏறியது. இரண்டையும் மாடுகள் இழுத்தன. 1850களில் கோப்பித் தோட்டம் பெருகப் பெருக மாட்டு வண்டி போதவில்லை. 1858இல் ரயில் பாதைக்கு முதல் மண் வெட்டினார்கள். 1864 டிசம்பரில் அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது. 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்தது.

அம்பேபுஸ்ஸ வரை சுலபம். ரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரையான 20 கிலோமீற்றர்தான் கஷ்டம். அங்கே பாதை 45க்கு 1 என்ற சரிவில் ஏறுகிறது. மேலே 222 நியூற்றன் கணக்குப் போட்டதும் அதே சரிவுக்குத்தான். சமதரையில் ஒரு தொன் ரயில் பெட்டியை உருட்டிக்கொண்டு போக 20 முதல் 50 நியூற்றன் வரை விசை போதும். உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது தடை அவ்வளவு குறைவு. ஏற்றம் வந்தவுடன் அதோடு 222 சேர்கிறது. ஒரே எஞ்சினுக்கு ஒரேயடியாகப் பல மடங்கு பாரம்.

ரயில் ஏன் இன்னும் செங்குத்தாக ஏறக்கூடாது? உராய்வுதான் விடாது. சில்லு உருள்வதற்குத் தடை குறைவாக இருப்பது நல்லது. ஆனால் எஞ்சினின் சில்லு தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இழுக்க முடியும். அந்தப் பிடிப்பு உராய்வால் வருவது. பாரம் அதிகமாகி, பிடிப்புப் போதாமல் போனால் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். மழையில் நனைந்து, அதற்கு மேல் இலையும் விழுந்தால் இன்னும் மோசம். அதற்காக எஞ்சினில் மணல் வைத்திருப்பார்கள். வழுக்கும் இடத்தில் சில்லுக்கு முன்னால் கொஞ்சம் மணல் கொட்டினால் பிடிப்பு வந்துவிடும். பாரமான கோச்சிகளுக்கு ரம்புக்கணையில் இன்னொரு எஞ்சினைப் பின்னால் மாட்டித் தள்ளினார்கள். 1927இல் இங்கே வந்த காரட் எஞ்சினும் இந்த வேலைக்குத்தான். ஒரே கொதிகலனுக்குக் கீழே இரண்டு தொகுதிச் சில்லுகள். எஞ்சினின் பாரம் அதிகமான இயக்கும் சில்லுகளில் விழுவதால் பிடிப்பும் கூடும். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய எஞ்சின்களைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

இந்தச் சரிவை நீங்களே அளக்கலாம். நாங்கள் அளந்தோம். அடிப்பாகம் தட்டையான, கண்ணாடிமாதிரித் தெரிகிற சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ரயில் பெட்டியின் தரையில் நீளவாட்டில் வையுங்கள். கோச்சி எங்கேயாவது சிக்னலுக்கு நிற்கும்போது பாருங்கள். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கிடையாகத்தான் நிற்கும். பெட்டிதான் சாய்ந்திருக்கும். 20 சென்ரிமீற்றர் நீளமான பெட்டியில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் வித்தியாசப்படும். இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த நாலு மில்லிமீற்றருக்காகத்தான் அலகல்லை மலையோரத்தில் சுரங்கம் சுரங்கமாக வெட்டினார்கள். சிங்களத் தொழிலாளரும் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் சேர்ந்து வெட்டினார்கள். காய்ச்சலும் கொலராவும் அவர்களில் பலரைக் கொண்டுபோனது.

ரயில் ஏறுகிற வேலையைக் கொடுத்தது நிலக்கரி. ஒரு தொன்னை 430 மீற்றர் உயர்த்த 4,300,000 யூல் வேண்டும். பழைய நீராவி எஞ்சின் நிலக்கரியின் சக்தியில் இருபதில் ஒரு பங்கைத்தான் உருப்படியான வேலையாக மாற்றும் என்று எடுத்தால், உயரத்துக்கு மட்டும் தொன்னுக்குச் சுமார் மூன்று கிலோ நிலக்கரி. மாட்டின் முதுகிலிருந்த கணக்கு நிலக்கரிக்கு மாறியது. இல்லாமல் போகவில்லை.

பேராதனையில் ஒரு மரப்பாலம்

கடுகண்ணாவையைத் தாண்டி இறங்கினால் பேராதனையில் மகாவலி. இப்போதைய பாலத்துக்கு முன்னால் அங்கே ஒரு முதிரை மரப்பாலம் இருந்தது. 1833இல் பிரேசர் என்ற பொறியியலாளர் கட்டியது. ஒரே வளைவு, 205 அடி நீளம், நடுவில் தூண் இல்லை. ஆணியோ திருகாணியோ இல்லாமல் கட்டினார்கள் என்று சொல்வார்கள். 1905 வரை நின்றது.

வளைவுப் பாலத்தின் ரகசியம் எளிது. நேரான பலகையின் நடுவில் நின்றால் பலகை தொங்கும், அடிப்பக்கம் இழுபட்டுக் கிழியப் பார்க்கும். வளைவின் மேலே நின்றால் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை நெருக்கும். அது அடுத்ததை நெருக்கும். இப்படியே கைமாறிக் கைமாறிப் பாரம் இரண்டு கரைக்கும் போய்ச் சேரும். துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருப்பதால் பிரிந்து போவதில்லை. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை, கரை அசையக்கூடாது. பாலத்தின் பாரம் காணாமல் போவதில்லை, கரை தாங்குகிறது. பாலத்தைப் பார்க்கிற யாரும் கரையைப் பார்ப்பதில்லை. இதை வாசித்தபோது எங்களுக்கு மலையகத்தின் ஞாபகம்தான் வந்தது.

லூல்கந்துரவும் ஸ்டோரும்

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருசத்தில் கோப்பி முடிந்தது. அதற்கு முன்னாலேயே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பின் மேல் கம்பித் தட்டு வைத்துக் காயவைத்தார்கள். பிறகு உருட்டும் இயந்திரத்தைத் தண்ணீர்ச் சில்லால் ஓட்டினார்கள். தண்ணீர் விழுந்து சில்லைச் சுற்றியது என்றால், அந்தத் தண்ணீரை மேலே தூக்கியது யார்? சூரியன். கடலிலிருந்து ஆவியாக்கித் தூக்கி, மழையாக மலையில் போட்டது. அங்கேயும் யாரோ கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய ஒரு ஸ்டோர் இருக்கிறது. 2001இல் அதைத் தேயிலை அருங்காட்சியகமாக்கினார்கள். தேயிலை ஃபெக்டரியை எங்கள் ஆட்கள் இன்றைக்கும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். எல்லா ஸ்டோருக்கும் ஏன் ஒரே முகம், இரண்டு மூன்று மாடி, வரிசையாக ஜன்னல்? பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முதலில் அதை வாட வைக்க வேண்டும். ஈரத் துணி காற்றில் காய்கிற அதே ஆவியாதல்தான். பரப்பிப் போட்டால் பரப்பளவு கூடும், காற்று ஓடினால் ஈரம் போகும், கொஞ்சம் சூடு இருந்தால் இன்னும் வேகம். அதனால் மேல்மாடி. வாடின கொழுந்தைக் கீழ்மாடிக்கு ஒரு துவாரத்தால் கொட்டிவிட்டால் உருட்டும் இயந்திரத்தில் விழும். ஈர்ப்பு இலவசமாக வேலை செய்யும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. மீதி மூன்றரைக் கிலோவும் தண்ணீர், ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆனால் அந்த மூன்றரைக் கிலோவும் யாரோ ஒருவர் முதுகில் தொங்கித்தான் மலையிலிருந்து வந்தது.

டெய்லர் 1892 மே மாதம் லூல்கந்துரவில் இறந்தார். தொழிலாளர்கள் அவரைச் 'சாமி துரை' என்று கூப்பிட்டார்கள். பெரிய உடம்புக்காரர். 24 தொழிலாளர்கள், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மாறி மாறி, உடலைக் கண்டி மஹியாவை மயானம் வரை சுமந்தார்கள். இப்போது புத்தகக் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். லூல்கந்துர கண்டியை விட உயரம். ஆகவே உடல் உயரத்திலிருந்து இறங்கியது. ஈர்ப்புக்கு எதிராக அவர்கள் செய்த வேலை பூச்சியம்கூட இல்லை, மறை எண். கணக்குப்படி ஈர்ப்புதான் வேலை செய்தது. அப்படியானால் எதற்கு 24 பேர்?

பூச்சியத்துக்குள் என்ன இருக்கிறது

இங்கேதான் எங்களுக்கு விடுபட்ட கணக்குப் பிடிபட்டது. ஒரு மேசையின் மேல் 20 கிலோ வைத்தால் மேசைக்குச் சாப்பாடு தேவையில்லை. வருசக்கணக்காகத் தாங்கும். எங்கள் தசை மேசை இல்லை. ஒரு சுமையை ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்கவும் தசைநார்கள் சுருங்கி, விட்டு, மறுபடி சுருங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் சக்தி செலவாகிறது. அது சுமைக்குப் போவதில்லை, சூடாகப் போகிறது. இறங்கும்போதும் அப்படித்தான், விழாமல் பிடிப்பதற்குத் தசை உழைக்கிறது. ஆக, புத்தகம் கேட்பது 'சுமைக்கு எவ்வளவு சக்தி போனது' என்று. அம்மாயி சொல்வது 'என்னிடமிருந்து எவ்வளவு போனது' என்று. இரண்டும் இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு விடை பூச்சியம், இரண்டாவதுக்கு இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு கொழுந்துக் கூடையைப் பார்த்தால் அது எவ்வளவு யோசித்துச் செய்த பொருள் என்று விளங்கும். கயிறு தலையில், கூடை முதுகில், இரண்டு கையும் கொழுந்துக்கு. கூடை நிரம்ப நிரம்ப உடம்பு முன்னால் சாயும். உடம்பும் கூடையும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பாதத்துக்கு மேலே நின்றால்தான் சரிவில் விழாமல் நிற்கலாம். கயிற்றுக்குக் கீழே துணியை மடித்து வைப்பது அமுக்கத்தைக் குறைக்க. அதே பாரம் அகலமான இடத்தில் பரவினால் தலை வெட்டாது. இதை எந்த ஆசிரியரும் அம்மாயிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 'அமுக்கம் சமன் விசையின் கீழ் பரப்பு' என்று எழுதத் தெரியாது, செய்யத் தெரியும்.

அடுத்தது தராசு. கொழுந்து மடுவத்தில் கூடையையோ சாக்கையோ தொங்கவிட்டு நிறுப்பார்கள். விற்றராசில் சுருள்வில் இழுபடுகிற நீளம் தொங்குகிற நிறைக்கு விகிதசமம். (தமிழ்நாட்டுப் புத்தகம் வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம், அங்கே எடை என்பதுதான் எங்களுக்கு நிறை.) விஞ்ஞானக் கூடத்தில் எந்தக் கருவியைத் தொட்டாலும் முதலில் பூச்சிய வழு பார் என்று சொல்வார்கள். ஒன்றும் தொங்காதபோது முள்ளு பூச்சியத்தில் நிற்கிறதா? கூடைக்கு எவ்வளவு கழிக்க வேண்டும்? மழை நாளில் இலையில் ஒட்டின தண்ணீருக்கு எவ்வளவு? மூன்றும் நியாயமான கேள்வி. ஆனால் கழிப்பதை யார் முடிவுசெய்கிறார் என்பது பௌதிகவியல் இல்லை. "முள்ளு எங்க நிக்குதுன்னு எங்களுக்கும் கண்ணு தெரியும். எழுதுறது வேற" என்றார் அம்மாயி. ஒரு நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்த பிறகும் பல தோட்டங்களில் சண்டை அந்தக் கிலோவைப் பற்றித்தான். ஒரு கிலோ வழு என்பது கூடத்தில் ஒரு புள்ளி, மடுவத்தில் ஒரு நேரச் சாப்பாடு.

தராசு சரியாகவே காட்டட்டும். அப்போதும் அது எதை அளக்கிறது? ஒரு கணக்குப் போட்டோம். எண்கள் நாங்கள் எடுத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டு மாற்றிப் போடலாம். 50 கிலோ உள்ள ஒரு அக்கா மலையில் ஏறி இறங்கி, ஒரு நாளில் ஏற்றம் மட்டும் 300 மீற்றர் என்று வைப்போம். தன் உடம்பைத் தூக்கச் செய்த வேலை 150,000 யூல். கூடையில் எப்போதும் சராசரி 3 கிலோ கொழுந்து என்றால் அதைத் தூக்கின வேலை 9,000 யூல். கிட்டத்தட்டப் பதினேழுக்கு ஒன்று. மலையில் ஒரு நாளின் வேலையில் பெரும்பங்கு தன்னைத்தானே ஏற்றிக்கொள்வது. தராசில் தொங்குவது அந்தச் சின்னப் பங்கு மட்டும். ஓடியாடிப் பறித்த விரலின் வேகம், அட்டை, வெயில் இதெல்லாம் அதிலும் இல்லை.

இறக்கம்

ஏற்றிவைத்த சக்தி எங்கே போகிறது? உயரத்தில் தங்கியிருக்கும், இறங்கும்போது திரும்ப வரும். கண்டிக்குக் கீழே மகாவலியில் 1985இல் திறந்த விக்டோரியா அணைக்கட்டு அந்த இறக்கத்தைத்தான் மின்சாரமாக்குகிறது. கோச்சிக்கு ஏற எஞ்சின் வேண்டும், இறங்க பிரேக் போதும்.

அதே பாதையில் மனிதர்களும் இறங்கினார்கள். எங்கள் பூட்டன், பூட்டிகள் இந்த மலைக்கு ரயிலில் வரவில்லை. மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து ஏறினார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல் இருநூறாவது வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அந்த வழியை நடந்தார்கள். 1948இல் குடியுரிமை போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தேயிலையை இறக்கின அதே தண்டவாளம். அம்மாயியின் அக்கா அதில் போனவர்.

கடைசிச் சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் அம்மாயி வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி வந்தது. கொப்பியில் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினோம். சுமைக்குப் போனது பூச்சியம், உங்களிடமிருந்து போனது பூச்சியம் இல்லை, தராசு அளப்பது பதினேழில் ஒரு பங்கு. அவர் பதினேழு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "இத மொதல்லயே ஒருத்தர் எழுதி வச்சிருந்தா சம்பளப் பேச்சுக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்றார்.

தோட்டப்புறத்தில் உயர்தரத்துக்குத் தமிழில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பள்ளிக்கூடங்கள் எவ்வளவு குறைவு என்று இதை வாசிக்கிற பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பௌதிகவியல் கஷ்டம், அது எங்களுக்கு வராது என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வேறு பாடம் எடுத்தோம். அது எங்களுக்கு வராத பாடம் இல்லை. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் செய்த பாடம். எழுதத்தான் இல்லை. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மாயியிடமோ அப்பாயியிடமோ கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறினீர்கள், கூடை எவ்வளவு, எத்தனை முறை நிறுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள். கேட்டு, பெருக்கி, எழுதி வையுங்கள்.